வாயில்லாப் பிராணிகளும் சட்டமும்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். தன் சொந்தப் பசுவுக்கு வேளையறிந்து தண்ணீர் காட்டாத ஒருவனைச் சட்டம் தண்டிக்குமா என்பதே அவ்வினா. அங்கிருந்த பெரியவர் ஒருவர் நகைத்து, "தம்பி, மாடும் என்னுடையது, தொழுவமும் என்னுடையது, நடுவிலே சர்க்காருக்கு என்ன வேலை?" என்றார். கூடியிருந்தோர் யாவரும் சிரித்தனர். யானும் அவ்வமயம் வாளா இருந்தேன். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என் நெஞ்சை விட்டகலவில்லை.

தண்டிக்கும் என்பதே அதற்கு விடை. ஆனால் அவ்விடையைச் சட்டம் எளிதில் அடைந்துவிடவில்லை. வாயில்லாப் பிராணிகளைப் பற்றிய சட்டம் முதலிற் சந்தையில் நின்றது. பின்னர்த் தெருவுக்கு வந்தது. நெடுங்காலங் கழித்தே தொழுவத்தின் வாயிலை மிதித்தது. அவ்வரலாற்றை நம் ஊரையும் உடன்வைத்துச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெரியவர் கேட்டதும் நேர்மையான கேள்வியே ஆதலின், அவர் சினவார் என்னும் துணிவுடன் எழுதுகின்றேன்.

உயிரிரக்கம் நமக்கு மேனாட்டார் கற்பித்த பாடம் அன்று. ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனது வரலாறு சிறு பிள்ளைகளும் அறிந்தது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வேள்விக்கென்று கட்டப்பட்ட பசுவை இரவில் அவிழ்த்துச் சென்று, ஊராரால் அடியுண்டு, தந்தையாலும் கைவிடப்பட்டான். திருவள்ளுவனார் அருளுடைமை, புலால் மறுத்தல், கொல்லாமை என அதிகாரங்கள் வகுத்தார். மயிலுக்குப் போர்வையளித்த பேகனை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அரசாணை என்ற முறையில் நோக்கினும், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகப் பேரரசன் கல்லில் வெட்டுவித்த சாசனங்கள் முன்னிற்கின்றன. அவனது இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை மருத்துவத்தையும் தன் நாட்டிலும் எல்லைப்புற நாடுகளிலும் ஏற்படுத்தியதாகக் கூறுகின்றது. அவ்வெல்லைப்புற நாடுகளுள் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் பெயர் கூறப்பெறுகின்றனர். பாண்டிநாட்டுக்கும் சேரநாட்டுக்கும் இடையில் மலைவாயிலில் அமர்ந்திருக்கும் நம் ஊரார்க்கு இச்செய்தி தனி உவகை தருவதாகும். ஐந்தாம் தூண் சாசனமோ கொல்லலாகாத உயிர்களைப் பெயர் பெயராக எண்ணிக் காட்டி, குறித்த நாட்களிற் காளைகளுக்கு விதையடித்தலையும் சூடிடுதலையும் விலக்குகின்றது.

நிற்க. அறநூல் வேறு, தண்டநூல் வேறு. அறநூல் செய்க என்னும். செய்யாதவனை நெஞ்சே சுடும். தண்டநூல் செய்யாதவனைப் பிடித்து நிறுத்தும். இக்காலத்துத் தண்டநூல் பிராணிகளின் பக்கம் திரும்பியது 1822ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டில் ரிச்சர்டு மார்ட்டின் என்னும் அயர்லாந்துக்காரரின் முயற்சியால், மாடு, குதிரை, ஆடு முதலியவற்றைக் கொடுமைப்படுத்துதல் குற்றமெனப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு விதித்தது. அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகப் போய்விடாதபடி காக்கும் பொருட்டு, 1824இல் சிலர் லண்டன் மாநகரில் ஒரு காப்பிக்கடையிற் கூடிச் சங்கம் ஒன்று நிறுவினர். 1840இல் விக்டோரியா மகாராணியாரின் ஆதரவு பெற்று உலகப் புகழ் எய்திய பிராணிவதைத் தடுப்புச் சங்கம் அதுவே. காப்பி அருந்திய இடத்திலே கூட்டம் கூடிப் பேசிய பேச்சு வீண்போகவில்லை என்பதை நம் சங்கத்தார் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய முதற் சங்கம் 1861இல் கல்கத்தாவில் தோன்றியது. ஓவியரும் எழுத்தாளருமாகிய கோல்ஸ்வொர்தி கிராண்டு என்பவர் அதனைத் தோற்றுவித்தார். பாரவண்டி இழுக்கும் எருதுகளும் எருமைகளும் அந்நகரத் தெருக்களிற் பட்ட பாடு அக்காலத்தார் கண்கூடாகக் கண்டது. அச்சங்கத்தின் முயற்சியைத் தொடர்ந்து 1869இல் வங்காளத்தில் தனிச் சட்டம் ஒன்று பிறந்தது.

இனி, இந்நாடு முழுமைக்கும் பொதுவாகிய சட்டத்தை நோக்குவோம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்னும் இரு பிரிவுகள் பிராணிகளைக் கொல்லுதல், நஞ்சூட்டுதல், ஊனப்படுத்துதல் ஆகியவற்றைப் பற்றியன. அவற்றின் நடையை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். 428ஆம் பிரிவு பத்து ரூபாயும் அதற்கு மேலும் விலைபெறும் பிராணியைப் பற்றியது. 429ஆம் பிரிவு யானை, குதிரை, எருமை, காளை, பசு முதலியவற்றையும், ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் விலைபெறும் பிற பிராணிகளையும் பற்றியது. விலையைக் கூறுவானேன்? பிறன் பொருளுக்கு நட்டம் விளைத்தல் என்னும் குற்றத்தின் கீழே இவை வைக்கப்பட்டன ஆதலின். அஃதாவது, அண்டை வீட்டான் என் காளையின் காலை ஒடித்தால் அது குற்றம். அக்குற்றம் எனக்குச் செய்யப்பட்டது, காளைக்கன்று. அக்காளையை யானே அடித்து நொறுக்கினால் இப்பிரிவுகளுக்கு அங்கே வேலையில்லை. சட்டம் சந்தையில் நின்றது என்று மேலே கூறியது இதுபற்றியே.

அடுத்து வந்தது 1890ஆம் ஆண்டு 11ஆம் எண்ணுள்ள பிராணிவதைத் தடுப்புச் சட்டம். இதுவே உடையவனையும் குற்றவாளியாக்கியது. கொடுமையாகவும் தேவையின்றியும் அடித்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல் ஆகியன குற்றமாயின. ஆயினும் ஒரு வரம்பு இருந்தது. தெருவிலோ, பொதுமக்கள் புழங்கும் இடத்திலோ, தெருவிற் செல்வோர் கண்ணிற் படும்படியோ செய்வதையே அது முதன்மையாகக் கருதிற்று. பிரெஞ்சு நாட்டிலும் இவ்வாறே. 1850இல் எழுந்த கிராமோன் சட்டம் வெளிப்படையாகச் செய்யும் கொடுமையையே தண்டித்தது. வெளிப்படையாக என்னும் வரம்பு 1959இலேதான் அங்கே நீங்கிற்று. காண்பவர் மனம் புண்படாமல் இருக்க வேண்டும் என்பதே அக்காலச் சட்டங்களின் கவலை. புண்பட்ட எருதின் கழுத்து இரண்டாவது கவலையே.

இங்கே நம் ஊரின் நிலையைத் தனியே கூற வேண்டும். செங்கோட்டை 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வரை மலையாளச் சீமையோடு இருந்தது என்பதை நம் பெரியவர்கள் நன்கறிவர். சங்கு முத்திரை பொறித்த தோரணவாயில் அந்நாட்களுக்குச் சான்றாக நிற்பது. இங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியோ சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கென எழுதப்பட்ட 1890ஆம் ஆண்டுச் சட்டம் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் தானே செல்லுபடியாவதன்று. ஆகவே செங்கோட்டையில் வண்டி பூட்டித் தென்காசிச் சந்தைக்குச் சென்ற ஒருவன், வழியில் ஓர் எல்லையைக் கடந்தவுடன் ஓர் அரசின் சட்டத்தினின்றும் மற்றோர் அரசின் சட்டத்திற்குள் புகுந்தான். வண்டி அதுவே, மாடு அதுவே, சாட்டையும் அதுவே. சட்டம் மாத்திரம் வேறு. எருதுக்கு எல்லைக்கல் தெரியுமோ!

அவ்வண்டிகளின் பாரமும் சிறிதன்று. 1904இல் மலையைக் குடைந்து புனலூருக்கு இருப்புப்பாதை திறக்கப்படும் வரையில், ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் சென்ற சரக்குக்கெல்லாம் மாட்டுவண்டியும் பொதிமாடுமே கதி. புளியரைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கும் இடத்திற் பாரவண்டி இழுக்கும் மாட்டின் மூச்சைக் கேட்டவர்க்கு, அளவுக்கு மீறிப் பாரமேற்றுதல் என்னும் சட்டச்சொல்லின் பொருளை வேறொருவர் விளக்க வேண்டுவதில்லை.

சமஸ்தானத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்லத் தகும். சேது லட்சுமி பாய் மகாராணியார் அரசப் பிரதிநிதியாக ஆண்ட 1924 முதல் 1931 வரையிலான காலத்திலேயே, சமஸ்தானத் திருக்கோயில்களில் உயிர்ப்பலி விலக்கப்பட்டது. சென்னை இராச்சியத்தில் விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் 1950இல் வந்தது. நெடுங்காலம் ஏட்டளவில் இருந்து, 2003இல் அதனைக் கண்டிப்புடன் நடத்த அரசு முற்பட, மக்களிடையே எழுந்த எதிர்ப்பினால் 2004இல் நீக்கப்பட்டது. பலியைப் பற்றி நம்முள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. அதனை இக்கட்டுரையில் தீர்க்கப் புகேன். ஊர் மனம் ஒப்பாத சட்டம் நில்லாது என்னும் படிப்பினையை மாத்திரம் ஈண்டுக் குறித்துக்கொள்வோம்.

இனித் தொழுவத்திற்கு வருவோம். சட்டத்தைத் தொழுவத்துக்குள் அழைத்து வந்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணியார் என்பது நமக்குப் பெருமை. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952இல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பெற்றார். பழைய சட்டம் போதாது எனக் கண்டு, தாமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அரசாங்கமே விரிவான சட்டம் இயற்றும் எனப் பிரதமர் ஜவஹர்லால் நேரு உறுதி கூறியதன்மேல் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக எழுந்ததே 1960ஆம் ஆண்டு 59ஆம் எண்ணுள்ள பிராணிவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அச்சட்டத்தின்படி விலங்குநல வாரியம் அமைந்தபோது, அம்மையாரே அதன் முதல் தலைவராயினார். பின்னாளில் அரியானாவுக்கு மாறிய அவ்வாரியம் பல்லாண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

அச்சட்டத்தின் 3ஆம் பிரிவைச் சங்கத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், அதன் நலத்தைப் பேணவும், அதற்குத் தேவையற்ற துன்பம் நேராமற் காக்கவும் இயன்றதனைத்தும் செய்தல் கடமை என்று அது கூறுகின்றது. கடமை என்னும் சொல்லை நோக்குக. அடியாதே என்று விலக்குவதோடு அது நில்லாமல், பேணு என்று விதிக்கின்றது. 11ஆம் பிரிவு குற்றங்களை அடுக்குகின்றது. அடித்தல், உதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு, நோயாலோ மூப்பாலோ புண்ணாலோ வேலைக்குத் தகாத பிராணியை வேலை வாங்குதலும் குற்றம். நியாயமில்லாத அளவு குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைத்தல் குற்றம். உடையவன் போதிய தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் தாராமை குற்றம். பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி கைவிட்டுவிடுதலும் குற்றம். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கின்றது. மாடு அவருடையது என்பதனாலேயே சட்டம் அவரைக் கேட்கின்றது. மாடு அவருடையதாக இல்லாவிடில் தண்ணீர் காட்டவில்லை என்று அவரைக் கேட்பார் யார்?

12ஆம் பிரிவு பால்மாட்டைப் பற்றியது. பசுவின் கருவாயிற் காற்றூதிப் பால் கறக்கும் கொடுவழக்கம் முற்காலத்திற் கல்கத்தா முதலிய நகரங்களில் இருந்தது. அதனைத் தடுக்க வந்த இப்பிரிவு, மாட்டின் உடம்புக்குக் கேடு செய்யும் மருந்தை ஊசிவழி ஏற்றிப் பால் மிகுவிப்பதையும் 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தன்னுள் அடக்கிற்று. இதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

வண்டிமாடுகளுக்கென 1965இல் தனி விதிகள் வந்தன. நாளொன்றுக்கு மொத்தம் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாது. 1978இல் வந்த விதிகள் மாடுகளை ஏற்றிச் செல்வதைப் பற்றியன: ஒரு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது, பிரயாணத்துக்குத் தக்கவை எனக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், உடன் செல்ல ஆள் வேண்டும். புளியரைச் சாவடி வழியே மேற்கே செல்லும் மாட்டு லாரிகளைக் காணும்போது, எத்தனை தலைகள் தெரிகின்றன என்று எண்ணிப் பார்க்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.

அண்மைக் காலத்திலும் சட்டம் நகர்ந்துகொண்டே வருகின்றது. 1976இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளுள் உயிர்களிடத்து இரக்கங் காட்டுதலும் ஒன்றாயிற்று. ஏறுதழுவல் வழக்கில் 2014இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் ஐவகை விடுதலைகளை எடுத்துக் கூறிற்று. அவை பசி, தாகத்தினின்றும் விடுதலை; அச்சத்தினின்றும் விடுதலை; இருப்பிட இன்னலினின்றும் விடுதலை; நோவு, நோயினின்றும் விடுதலை; தன் இயல்பின்படி நடந்துகொள்ளும் விடுதலை என்பன. பின்னர்த் தமிழ்நாட்டரசு 2017இற் சட்டத் திருத்தம் செய்ய, அதனை 2023இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் செல்லுமெனத் தீர்த்தது. 2024 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவிலோ, பிராணியின் விலையைப் பற்றிய பேச்சே இல்லை. பத்து ரூபாய்க் கணக்கு 164 ஆண்டுகளுக்குப் பின் நீங்கியது.

இவ்வைவகை விடுதலைகளைப் படித்தபோது எனக்கு நம் முன்னோர் வகுத்த முப்பத்திரண்டு அறங்கள் நினைவுக்கு வந்தன. பசுவுக்கு வாயுறை, விலங்கிற்கு உணவு, தண்ணீர்ப்பந்தர், தடம், விலைகொடுத்து உயிர்காத்தல் ஆகியவற்றுடன், ஆவுரிஞ்சு தறி என்பதும் அவற்றுள் ஒன்று. அஃதாவது, மாடு தன் தினவு தீர உடம்பை உராய்ந்துகொள்ளும்படி நட்டுவைக்கும் கல்லோ கட்டையோ ஆகும். யாழ்ப்பாணத்திற் குளக்கரைகளிலும் மடங்களின் அருகிலும் அத்தகைய கற்கள் நின்றன. பசிக்குத் தீனியிடுவது எவர்க்கும் தோன்றும். தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள மாட்டாத ஒரு பிராணிக்குச் சொறிய ஒரு கல் வேண்டுமே என்று எண்ணி, அதனைத் தருமமாக எழுதிவைத்த உள்ளம் எத்தகைய உள்ளம்! ஐந்தாவது விடுதலையை நீதிமன்றம் சொல்லால் நாட்டிற்று. நம் முன்னோர் கல்லால் நாட்டினர்.

ஆயின் நாம் என் செய்தோம்? பிறர் குறையை எழுதுமுன் என் வீட்டுக் குறையை எழுதுவதே முறை. என் பாட்டனார் ஒரு ஜோடி வண்டிக்காளை வைத்திருந்தார். நுகத்தடி பட்டுக் கழுத்திற் சிறு புண் கண்டாலும், அறுப்புக்காலமே ஆயினும், அது ஆறும் வரை பூட்டமாட்டார். காலையும் மாலையும் வேப்பெண்ணெய் தடவுவார். அவர் காலஞ்சென்ற பின் வண்டி என் சிற்றப்பா கைக்கு வந்தது. அவர் கொடியவர் அல்லர், கடன்பட்டவர். 1990ஆம் ஆண்டுக் கோடையில், எனக்குப் பத்து வயதிருக்கும், வலக்காளையின் கழுத்திற் பெரும்புண் ஒன்று கண்டது. நெல்மூட்டை ஏற்ற வேண்டிய நாட்கள் அவை. அவர் புண்ணின்மேற் சாக்குத்துணியை மடித்து வைத்துப் பூட்டினார். அத்துணி நனைந்திருந்ததை நான் கண்டேன். அது வியர்வை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் நண்பகலில் அக்காளை நடுவழியிற் படுத்துவிட்டது. வாளியில் நீர் கொண்டுபோய் அதன் வாயருகே வைத்தவன் நான். அது குடிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

புண்பட்ட மாட்டை வேலை வாங்குதல் குற்றமெனச் சட்டம் எழுதி அப்போது முப்பதாண்டுகள் கழிந்திருந்தன. எம் வீட்டில் ஒருவரும் அதனை அறிந்திலர். அறிந்திருந்தாலுந்தான் என்ன? அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை. மூன்றாண்டுக்குள் மறுமுறை செய்தால் இருபத்தைந்து முதல் நூறு ரூபாய் வரையோ, மூன்று மாதம் வரை சிறையோ. இதுவே சட்டம் வகுத்த தண்டம். இத்தொகை மிகச் சிறிது. இதனை உயர்த்துதல் வேண்டுமென்று 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பும் கருதிற்று. ஆனால் தொகையை நூறு மடங்கு உயர்த்தினும், தொழுவத்துக்குள் வந்து சாக்குத்துணியைத் தூக்கிப் பார்க்கப் போலீஸ்காரர் வரப்போவதில்லை. மாவட்டந்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டுமென 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன; அவர்களும் நம் கொல்லைப்புறத்தை நாள்தோறும் காணார். காண்பவர் அண்டை வீட்டார், உறவினர், நாம். அன்று எங்கள் தெருவில் அப்புண்ணைக் கண்டவர் பலர். சிற்றப்பாவிடம் ஒரு சொல் சொல்லியவர் ஒருவரும் இலர். நானும் சொல்லவில்லை.

இக்காலத்தில் வண்டிமாடு அரிதாகிவிட்டது. குறை வேறு உருவில் வந்திருக்கின்றது. கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்று பாலுக்கும் உதவாது, உழவுக்கும் உதவாது என்று இரவோடிரவாகச் சாலையில் விடப்படுகின்றது. கறவை வற்றிய கிழப்பசு சந்தைவெளியிற் காகிதம் தின்கின்றது. கோயிலுக்கு விட்டோம் என்று சொல்லிக் கணக்கை முடித்துக்கொள்கின்றோம். விட்ட பின் அதற்குத் தண்ணீர் காட்டுவார் யாரென்று எண்ணினோமா? கைவிடுதல் என்று சட்டம் பெயரிட்ட குற்றம் இதுவேயாம்.

சட்டம் தொழுவத்தின் வாயில் வரை வந்து நிற்கின்றது. அதற்கு அப்பால் அதனை அழைத்துச் செல்ல வேண்டியது ஊரார் சொல். கலியாணத்துக்கும் கருமாதிக்கும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நம்மவர், தொழுவத்தையும் ஒருமுறை கேட்டால் என்ன? நம் சங்கத்தார் மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளலாம் எனத் தாழ்மையுடன் வேண்டுகின்றேன். ஊரிற் பாழ்பட்டுக் கிடக்கும் கல்தொட்டிகளுள் ஒன்றையேனும் செப்பனிட்டுக் கோடையில் நீர் நிரப்புவது ஒன்று. காளைக்கன்றையும் கிழமாட்டையும் காக்க இயலாத ஏழைக் குடும்பங்களுக்கு, அவர்களை இகழாமல், சங்க நிதியினின்றும் வைக்கோலுக்கு உதவுவது மற்றொன்று; என் சிற்றப்பாவுக்கு அன்று வேண்டியிருந்தது அபராதமன்று, அதுவே. அத்தொட்டியருகே ஓர் ஆவுரிஞ்சு கல் நடுவது மூன்றாவது. கல்லுக்கு ஆகும் செலவை யான் தருகின்றேன்.

சிரித்த பெரியவரை முதல் நாள் தொட்டியில் நீர் வார்க்க அழைப்போம். அவர் வீட்டுப் பசுவின் மேனி எத்துணை மினுமினுப்பாக இருக்கின்றது என்பதை நம் தெருவில் அறியாதார் இல்லை. சட்டத்தை அறியாமலே அதனை நடத்தி வருபவர் அவர். அவரைப் போன்றோர் அடுத்த தொழுவத்தையும் எட்டிப் பார்த்து ஒரு சொல் சொல்லத் தொடங்கினால், இவ்வூரில் மேற்கண்ட சட்டங்களுக்கு வேலையே இராது.